சுருளாத இலைகள்

தெருவில் நின்ற ரோடோடென்ட்ரோன் செடிகள் எல்லாம் உறைபனிக்கு இலைகளைச் சுருட்டிக்கொண்டு தொங்கின. தங்கள் பின்வளவில் நின்றது மட்டும் சுருட்டவில்லை. மகள் மிதுஷாவைக் கிண்டர்கார்ட்டனில் விட்டுவிட்டு வந்து, கேத்தல் கொதிக்கும்வரை குசினி யன்னலடியில் நின்ற யோகத்தின் கண்ணில் அது பட்டது. மனத்தில் படக் கொஞ்ச நேரம் எடுத்தது. வரும் வழியில் வேலியோரமெல்லாம் அவள் பார்த்த செடிகள், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுத் தை மாதம் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் விழுந்த அந்தக் குளிரில், பெட்டிக்குள் அடுக்கிய சுருட்டுகளைப் போல ஒவ்வோர் இலையையும் இறுக்கிச் சுருட்டி நிலத்தைப் பார்க்க விட்டிருந்தன. இது மட்டும் சித்திரை வெயிலில் நிற்பதுபோல இலைகளை அகல விரித்து நின்றது. அதைச் சுற்றி ஒரு பாயளவு நிலத்தில் பனி இல்லை. கறுத்த ஈரமண் தெரிந்தது. அந்த மண்ணிலிருந்து, குளித்துவிட்டு வந்தவரின் தலையிலிருந்து எழும்புவது போல, மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

கேத்தல் கொதித்து நின்ற பிறகும் அவள் யன்னலை விட்டு நகரவில்லை.

செடி வீட்டுக்காரி திருமதி கிராபோவ்ஸ்கியுடையது. மேல்மாடியில் தனியாக இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த அவருடைய கணவர், வாழ்நாளில் ஒருமுறை போன மலைப்பயணத்தில், மரங்கள் முடிந்து கல் தொடங்கும் உயரத்தில் இதன் விதையைக் கண்டு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாராம். அங்கே மலைச்சரிவு முழுக்க மஞ்சளாகப் பூக்கும். இங்கே நட்டு, அவர் கிழவனாகிச் செத்தும் போய்விட்டார். ஒரு பூ வரவில்லை. திருமதி கிராபோவ்ஸ்கி அதைச் சோம்பேறி என்றுதான் சொல்வார். என்னோடு பேசியதைவிட இதனோடுதான் அவர் அதிகம் பேசினார், நானாவது இரண்டு பிள்ளை பெற்றுக் கொடுத்தேன், என்று சொல்லிச் சிரிப்பார். காலையில் எந்த உடுப்புப் போடுவது என்று அதன் இலையைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வது. சுருட்டியிருந்தால் தடித்த கோட்டு.

அந்தச் செடியின் அடியில்தான் சாம்பல் போட்ட மண்முட்டி இருந்தது.

யோகத்தின் மாமனார் சிற்றம்பலம் கார்த்திகையில் செத்துப்போனார். ஜேர்மனியில் சாம்பலை வீட்டாரின் கையில் தரமாட்டார்கள், சுடலையில் புதைத்தாக வேண்டும்; அதனால் அவருடைய மகன், யோகத்தின் புருசன் ஆரூரன், எல்லை தாண்டி ஹொலண்டில் தகப்பனை எரித்து, சாம்பலைக் காரில் கொண்டுவந்தான். கிரியைக்கு வந்த ஐயர், இங்கே எல்லாரும் செய்வதுபோல ரைன் ஆற்றில் கரைத்துவிடச் சொன்னார். ஆரூரன் கேட்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில்தான் கரைப்பேன் என்று தகப்பனின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். வன்னியில் சண்டை நடந்தது. போக வழியில்லை. சாம்பல் முட்டியை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, வெளியே ஒரு மரத்தில் கட்டி வைக்கவேண்டும் என்பது முறை. வளவில் மரம் இல்லை. குடைபோல அகன்று தோளளவு உயரத்தில் நின்ற இந்தச் செடிதான் இருந்தது. கொப்புகள் முட்டியைத் தாங்காது என்பதால் அடித்தண்டருகே மண்ணைக் கொஞ்சம் பறித்து முட்டியை அமர்த்தி, வாயை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டி, நூலைச் செடியோடு சேர்த்துச் சுற்றிவிட்டான். சண்டை முடியும்வரைக்கும் என்றான்.

சிற்றம்பலத்தாருக்கு இந்த நாட்டில் இருந்த காலம் முழுவதும் குளிர்தான். சுவரில் பொருத்திய ஹீட்டரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, ஆடி மாதத்திலும் கம்பளித் தொப்பியோடு இருப்பார். யோகத்தின் கையால் ஒன்றும் வாங்கமாட்டார். அவள் ஊரில் எந்தக் குறிச்சிப் பிள்ளை, என்ன சாதி என்று கேட்டறிந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் தேத்தண்ணியை ஊற்றி வைக்க, மிதுஷா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுப்பாள். பேத்தி மட்டும் அவருக்கு உயிர். அப்பப்பாக்குக் கொஞ்சம் சூடு தாங்கோ குஞ்சு, என்பார். பிள்ளை தன் சின்னக் கைகளை அவருடைய கழுத்துப் பட்டிக்குள் நுழைத்து வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு பிள்ளையின் கை சில்லிட்டிருக்கும். யோகம் அதைத் தன் வாயருகே வைத்து ஊதிச் சூடாக்குவாள்.

அன்று பிற்பகல் திருமதி கிராபோவ்ஸ்கி தடியை ஊன்றிக்கொண்டு செடியைப் பார்க்க வந்தார். கொப்புகளின் நுனியில் மொட்டுகள் வீங்கியிருந்தன. ஒன்றின் வாயில் மஞ்சள் தெரிந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்று யோகம் நினைத்தாள். அவர் கையுறையைக் கழற்றி ஓர் இலையைத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டார். இது நஞ்சுச் செடி, மலையில் இதைத் தின்ற ஆடுகள் விழுந்து செத்ததாக என் கணவர் சொல்லுவார், உன் பிள்ளையை இதன் பக்கம் விடாதே, என்றார். பிறகு, இந்தக் குளிரில் இது இப்படி இருக்கக்கூடாது, என்று சொல்லிவிட்டு ஒரு பகிடியும் விடாமல் படியேறிப் போனார்.

பிள்ளையை அதன் பக்கம் விடாமல் இருக்க யோகத்தால் முடியவில்லை. சமையலுக்கு வெங்காயம் உரிக்கிற நேரம் போதும். உடுப்புக் காயப்போடுகிற நேரம் போதும். பின்கதவு திறந்திருக்கும். குளிர்காற்று குசினித் தரையில் ஊர்ந்து வந்து காலில் முட்டும். எட்டிப் பார்த்தால் மிதுஷா செடியின் முன்னால் நிற்பாள், இரண்டு கைகளும் முழங்கைவரை இலைகளுக்குள் போயிருக்கும். கூப்பிட்டால் வருவாள். கையைப் பிடித்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சியைத் தொட்டதுபோல இருக்கும்.

"என்ன செய்தனீங்கள் அங்க?"

"அப்பப்பாக்குக் குளிருதாம்."

அதை அவள் பசிக்குது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வாயில் ஏதும் வைத்தாயா, பூவை, இலையைத் தின்றாயா என்று யோகம் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிள்ளை இல்லை என்று தலையாட்டினாள். நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னாள். நாக்கு வெளிறியிருந்தது. வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். நஞ்சு இல்லை, கிருமி இல்லை. உடம்புச் சூடு குறைவுதான், மெலிந்த பிள்ளை, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள், என்று அடுத்த கிழமை திரும்ப வந்து காட்ட ஒரு டேர்மின் தந்து அனுப்பினார். யோகம் வீட்டில் எல்லா அறைகளிலும் ஹீட்டரைக் கடைசிவரை திருகிவிட்டாள். பெரியவர்களுக்கு வியர்த்தது. இரட்டைப் போர்வைக்குள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தால், அவளுடைய வயிற்றுச் சூட்டை யாரோ மெல்ல உறிஞ்சுவதுபோல இருந்தது; விடியும்போது அவளுக்கும் பல்லடித்தது, பிள்ளைக்குச் சூடு ஏறியிருக்கவில்லை. வெளியே இலைகள் பளபளத்தன. மொட்டுகள் ஒவ்வொன்றாய் வாய் திறந்தன.

ஆரூரனுக்குப் பின்னேர வேலை. சேமிப்புக் கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கிவிட்டு வந்து, வன்னிச் செய்திக்குத் தொலைக்காட்சி முன்னால் இருப்பான். சனிக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து யோகம் கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, அந்த முட்டியை எடுத்து ஆத்தில விடுங்கோ. பிள்ளை நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டு போகுது."

அவன் கையைக் கழுவாமல் அவளைப் பார்த்தான்.

"ஐயாவைக் கொண்டுபோய் ஜேர்மன்காரன்ர ஆத்தில ஊத்தச் சொல்லுறீரோ?"

"எல்லாரும் அங்கதானே விடுகினம்."

"எல்லாரும் என்ர ஐயாவோ? அவர் இருக்கேக்கையும் உமக்குப் பிடிக்கேல்ல, செத்தும் பிடிக்கேல்ல. ஏலாது, யோகம். அதில கை வச்சீரெண்டால் பிறகு இந்த வீட்டில இருக்கவேண்டாம்."

அவள் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் தொட்டான். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் பயம் வரும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது பயம் இல்லை.

"ஐயான்ர கை மாதிரியே இருக்கு," என்றான். அவனுடைய கண் கலங்கியது.

திங்கட்கிழமை, அவன் வேலைக்குப் போன பிறகு, மிதுஷாவைக் கம்பளிக்குள் சுற்றிக் கதிரையில் இருத்திவிட்டு, யோகம் பின்கதவைத் திறந்தாள். பிற்பகல் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அயலில் ஒரு சத்தமும் இல்லை. பனியில் அவளுடைய சப்பாத்து நெரிபடும் சத்தம் செடிக்குக் கிட்டப் போனதும் நின்றது; அங்கே மண் இளகி மெத்தென்று இருந்தது. பூக்கள் எலுமிச்சைத் தோலின் மஞ்சள். வாசம் மட்டும் பூ வாசம் இல்லை. சுட்ட விபூதி, கம்பளித் தொப்பி, வயதான உடம்பு. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். நூலை அறுத்தாள். முட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தாள். ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தத்தோடு முட்டி கையில் வந்தது. அது சூடாக இருந்தது. இப்போதுதான் வடித்து இறக்கிய சோற்றுப் பானையின் சூடு. அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. வாயில் கட்டிய துணி அவிழாமல் அப்படியே இருந்தது. அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

சாம்பல் இல்லை. ஒரு சிட்டிகை இல்லை. எலும்புத் துண்டு ஒன்றும் இல்லை. முட்டி நிறைய வேர். தலைமயிர் போல மெலிந்த, நரைத்த வேர். நெருக்கமாய்ச் சுற்றிச் சுற்றி, கிழவர் ஒருவரின் தலையை உள்ளே பொதிந்து வைத்ததுபோல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. திரும்பவும் உயர்ந்தது.

முட்டி கையிலிருந்து விழுந்தது. உடையவில்லை.

அவள் ஓடினாள். பிள்ளையைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு, கோட்டும் போடாமல், தெருமுனைக்கு ஓடி, அப்போது வந்த ட்ராமில் ஏறினாள். பிள்ளைகளின் ஆஸ்பத்திரி நகரத்தின் மறுபக்கம் இருந்தது. ஏறி இருந்ததும் அழுகை வந்தது, தப்பிவிட்டோம் என்ற அழுகை. சனங்கள் பார்த்தார்கள். ட்ராம் அசைந்து புறப்பட்டது.

மிதுஷாவின் உதடு நீலமானது.

முதலில் நடுங்கினாள். அடுத்த தரிப்பிடம் தாண்டியதும் நடுக்கம் கூடிப் பல் கிட்டியது. யோகம் தன் சுவெட்டரைத் தூக்கிப் பிள்ளையின் முகத்தைத் தன் வெறும் வயிற்றோடு அழுத்தினாள். அதற்கடுத்த தரிப்பிடத்தில் நடுக்கம் நின்றது. நின்றது நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணிமை பாதி மூடியிருந்தது. மூச்சு வாயில் ஆவியாக வரவில்லை. எதிரே இருந்த மனிசி எழும்பி வந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சாரதியிடம் ட்ராமை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள்.

கதவு திறந்தது. அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டோம், அசையாதே, என்றார்கள். யோகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஆஸ்பத்திரி இருந்த திசையில் நாலு அடி நடந்தாள். பிள்ளையின் தலை பின்னால் தொங்கியது. அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று தெரிந்துபோனது. திரும்பி, வந்த வழியில் நாலு அடி வைத்தாள். பிள்ளை மூச்சை இழுத்தாள்.

அம்புலன்ஸின் சத்தம் தூரத்தில் கேட்கும்போது அவள் மறுபக்க ட்ராமில் இருந்தாள். ஒவ்வொரு தரிப்பிடமாக உதட்டில் நிறம் வந்தது. தங்கள் தெருவில் இறங்கியபோது மிதுஷா, இறக்கிவிடுங்கோ அம்மா, நான் நடப்பன், என்றாள். படலையைத் தாண்டியதும் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

இருட்டிவிட்டது. குசினி விளக்கு போட்டபடி இருந்தது. அந்த வெளிச்சம் யன்னலால் வந்து செடியின் மேல் விழுந்தது. எல்லா மொட்டும் பூத்திருந்தது.

கொப்புகள் விலகின. காற்று இல்லை. விலகின. பிள்ளை உள்ளே போய் நின்றாள், அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் போவதுபோல. இலைகள் கழுத்துவரை மூடின. கன்னம் சிவந்தது.

யோகம் மண்ணில் முழங்காலில் இருந்தாள்.

"மாமா," என்றாள். அவர் இருக்கும்போது அவள் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. "என்ர சூட்டை எடுங்கோ. முழுக்க எடுங்கோ. பிள்ளையை விடுங்கோ."

இரண்டு கைகளையும் நீட்டி இலைகளில் வைத்தாள்.

அவள் விரல் பட்ட இலை சுருண்டது. பக்கத்து இலை சுருண்டது. அதற்கடுத்தது. எங்கே தொட்டாலும், தொட்ட இடத்தில் மட்டும், இறுக்கமாக, அருவருத்ததுபோல. மற்ற இடமெல்லாம் விரிந்தபடி. அவள் இன்னும் உள்ளே கையை விட்டாள். சுருண்ட இலைகள் நிலத்தைப் பார்த்துத் தொங்கின.

அப்போது அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு கொப்பைப் பிடித்தாள். முறித்தாள்.

"அம்மா," என்று மிதுஷா வீரிட்டாள். "அம்மா, நோகுது. முறிக்காதேங்கோ அம்மா."

முறிந்த இடத்தில் நீர் கசிந்தது. சூடாக. யோகம் கொப்பை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றையும் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மேல்மாடி யன்னலில் திருமதி கிராபோவ்ஸ்கி தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். பிறகு திரையை இழுத்துவிட்டார்.

அந்த அழைப்புக்கு ஆரூரன் வேலை உடுப்போடேயே வந்தான். படலையடியில் நின்றான். பனி, இருட்டு, விளக்கு வெளிச்சத்தில் அத்தனை மஞ்சள் பூ, நடுவில் மகளின் முகம். யோகம் எழும்பி அவனுடைய கையைப் பிடித்து, முட்டியை, வேரை, ட்ராமை, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டானா தெரியவில்லை. செடியைப் பார்த்தபடி சப்பாத்தைக் கழற்றினான். காலில் போட்டிருந்த மேஸையும் கழற்றினான். கோயிலுக்குள் போவதுபோல வெறுங்காலோடு நடந்து போய் முன்னால் விழுந்து கும்பிட்டான். எழும்பும்போது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கலியாணத்தன்று கூட அவள் அந்தச் சிரிப்பைக் கண்டதில்லை.

வீட்டுக்குள் போனான். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வாழையிலை இல்லாததால் வெள்ளைப் பீங்கானில் சோறும், முதல்நாள் தனக்கென்று சமைப்பித்த கணவாய்க் கறியும் எடுத்துக்கொண்டு வந்தான். வறுத்த மிளகாய்த்தூள் போட்டுக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சிய கறி. மிதுஷாவுக்கு உறைப்பு ஆகாது. அவளுக்குத் துண்டுகளைத் தண்ணீரில் கழுவித்தான் யோகம் கொடுப்பது. ஒரு சொட்டுக் குழம்பு நாக்கில் பட்டாலும் துள்ளுவாள்.

"பிள்ளைக்கு உறைக்கும்," என்றாள் யோகம்.

அவன் செடியின் முன்னால் சப்பாணி கட்டி இருந்தான். சோற்றைக் குழைத்தான். கவளம் பெரியது, பெரிய மனிசர் சாப்பிடுகிற கவளம். நீட்டினான்.

பூக்களின் நடுவில் பிள்ளையின் வாய் திறந்தது. வாங்கியது. மெதுவாக, அவசரமில்லாமல், கடைவாயில் ஒதுக்கி மென்றது. விழுங்கியது. திரும்பவும் திறந்தது. உதடு சிவந்து வீங்கியது. கன்னம் இரண்டிலும் கண்ணீர் வழிந்து நாடியில் சொட்டியது. வாய் மென்றுகொண்டே இருந்தது. கண் இரண்டும் மட்டும் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அகலத் திறந்து, இமைக்காமல், கெஞ்சிக்கொண்டு.

ஆரூரன் அடுத்த கவளத்தைக் குழைத்தான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ, ஐயா?"

பிள்ளையின் தலை, ஓம் என்று, மெல்ல ஆடியது.